1960களின் மஸ்டாங், கமாரோ, சார்ஜர்: பிரேக் கோளாறை அறிகுறியிலிருந்து கண்டறியும் வழிமுறை

மிச்சிகன் மாநிலத்தில் குளிர்காலம் முழுவதும் சாலைகளில் தூவப்படும் உப்பை ஏப்ரல் மழை கழுவிவிட்ட பிறகுதான் பழைய மசில் கார்கள் (பெரிய எஞ்சின் கொண்ட அமெரிக்கக் கார்கள்) கராஜை விட்டு வெளியே வரும். ஐந்து மாதம் அசையாமல் நின்ற காரின் பாட்டரியையும் கார்புரேட்டரையும் அக்கறையோடு பார்க்கும் உரிமையாளருக்கு, பிரேக்கின் நினைவு பெரும்பாலும் முதல் சிக்னலில்தான் வருகிறது. என்னுடைய 1967 மஸ்டாங்கிலும் நண்பர்களின் கமாரோ, சார்ஜர் கார்களிலும் ஒவ்வோர் ஆண்டும் இதே கோளாறுகளைச் சரிசெய்யும்போது எழுதிவைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவை செலவே இல்லாமலோ ஒரு ரப்பர் ஹோஸின் விலையிலோ முடிந்தவை. ஆனாலும் என் பார்வைக்கு வந்த கார்கள் பலவற்றில் புதிய மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) அதற்கு முன்பே மாட்டப்பட்டிருந்தது. கோளாறு மட்டும் அப்படியே இருந்தது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

காரின் ஆண்டைப் பாருங்கள். 1966 வரையிலான மஸ்டாங் உள்ளிட்ட பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான் உண்டு. நான்கு சக்கரங்களில் எந்த ஒன்றில் கசிந்தாலும் பிரேக் முழுவதுமாகப் போய்விடும். 1967 மாடலிலிருந்து முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் தனித்தனி அறை கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டர் பரவலாக வந்தது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்கப் பாதுகாப்பு விதியே அதைக் கட்டாயமாக்கியது. ஒற்றை அறை கொண்ட காரில் பெடல் தரை வரை இறங்கினால், அதை மெக்கானிக்கிடம் ஓட்டிச் செல்லக் கூடாது. வண்டியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்ததாக, இதற்கு முன் யார் எதை மாற்றினார்கள் என்று விசாரியுங்கள். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காரில் தொழிற்சாலையில் மாட்டிய பாகங்கள் மட்டுமே இருப்பது அரிது. முன்சக்கர டிரம்மை (ஷூக்கள் உள்ளிருந்து உரசும் உருளை) எடுத்துவிட்டு டிஸ்க் (பேடுகள் இருபுறமும் பிடிக்கும் தட்டு) மாட்டியவர் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமல் விட்டிருக்கலாம். எஞ்சினின் வெற்றிடத்தால் காலின் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டரைச் சேர்த்தவர் பெடல் நெம்புகோலின் துளையை மாற்றாமல் விட்டிருக்கலாம். தேய்மானத்தால் வரும் கோளாறுகளைவிட, ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்களால் வரும் கோளாறுகளே என்னை அதிக நாள் அலைய வைத்திருக்கின்றன.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது எண்ணெய் அன்று. எஞ்சின் ஆயிலோ, கியர் ஆயிலோ, டிரான்ஸ்மிஷன் ஆயிலோ அதில் சிறிதளவு கலந்தாலும் உள்ளே ஆயிலை அடைத்துத் தள்ளும் ரப்பர் கப்புகள் அனைத்தும் ஊதிப் பெருத்துவிடும். பிறகு ரப்பர் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரேக் ஆயிலின் தர வகைகளான டாட் 3, டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கக்கூடும். பெயின்ட் கெடாமல் இருப்பதற்காகப் பழைய கார் உரிமையாளர் சிலர் சிலிக்கோன் வகையான டாட் 5 ஊற்றியிருப்பார்கள். அதன் நிறம் பெரும்பாலும் ஊதா. அதை மற்ற வகைகளுடன் கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது, எண் ஒத்திருந்தாலும், டாட் 3, 4 ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். கட்டாயம் ஜாக் ஸ்டாண்டு வையுங்கள். அக்காலத்து ஷூக்களிலும் பேடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால், டிரம்மைக் கழற்றியதும் தூசியைக் காற்றழுத்தக் குழாயால் ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்க வேண்டும்.

## அறிகுறி 1: பெடல் அதிகம் உள்ளே போகிறது, அல்லது பஞ்சுபோல் அமுங்குகிறது

கார் நின்ற நிலையில் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்துப் பாருங்கள். அடுத்த மிதியில் பெடல் எப்படி மாறுகிறது என்பதுதான் வழியைப் பிரிக்கும்.

### மிதிக்க மிதிக்க மேலே வந்து கெட்டியாகிறது என்றால்

டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது, காற்று காரணமல்ல. இந்தக் கார்களின் டிரம் பிரேக்குகளில், ரிவர்ஸில் பிரேக் போடும்போது தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் பெரும்பாலும் உண்டு. துருப்பிடித்து இறுகினால் அது வேலை செய்வதை நிறுத்திவிடும். டிரம்முக்குப் பின்னுள்ள தகடான பேக் பிளேட்டில் உள்ள நீள்துளையின் ரப்பர் மூடியை எடுத்து, அட்ஜஸ்டரின் பற்சக்கரத்தைத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஷூ லேசாக உரசும் வரை கொண்டுவந்து, பிறகு சில பற்கள் பின்வாங்குங்கள். இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும்.

அப்படிச் சரிசெய்தும் சில வாரங்களில் பெடல் மீண்டும் இறங்கினால் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். இடப்பக்க அட்ஜஸ்டருக்கும் வலப்பக்க அட்ஜஸ்டருக்கும் மரைகள் எதிரெதிர்த் திசையில் உள்ளவை. அவற்றை இடம் மாற்றி மாட்டிவிட்டால், ஒவ்வொரு ரிவர்ஸ் பிரேக்கின்போதும் அட்ஜஸ்டர் ஷூவை நெருக்குவதற்குப் பதிலாக விலக்கும். நான்கு சக்கரத்தையும் ஒரே நாளில் பிரித்துப்போட்டு வேலை செய்பவர்களுக்குத்தான் இது நேர்கிறது; எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடுங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்றாவது முழுதாக இருக்கும்.

### மேலே வருகிறது, ஆனால் காலுக்குக் கீழே துள்ளுகிறது என்றால்

குழாயில் காற்று இருக்கிறது. வலப்பின், இடப்பின், வலமுன், இடமுன் என்ற வரிசையில் காற்று எடுங்கள். ஒருவர் பெடலை நிதானமாக மிதிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள ப்ளீடரை (காற்றை வெளியேற்றும் திருகை) திறந்து, பெடல் மேலே வருவதற்கு முன் மூட வேண்டும். வேகமாக மிதித்தால் குமிழிகள் நுண்ணியதாக உடைந்து ஆயிலிலேயே தங்கிவிடும். டாட் 5 உள்ள காரில் இது இன்னும் அதிகம். பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் போகாத ஆழத்தில் சிலிண்டரின் உட்சுவர் துருவேறிச் சொரசொரப்பாக இருக்கும். காற்று எடுக்கும்போது பெடலைத் தரை வரை அழுத்தினால் ரப்பர் கப்பு அங்கே கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர், காற்று எடுத்த மறுநாள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எவ்வளவு எடுத்தும் காற்று தீரவில்லையா? ப்ளீடர், டிஸ்க்கைப் பிடிக்கும் கேலிபரின் உச்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் மாற்றம் செய்த ஒரு கமாரோவுக்கு மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் புதிதாக வாங்கி மாட்டி, மூன்று வார இறுதிகளைச் செலவழித்தபின், இடது கேலிபர் வலப்பக்கமும் வலது கேலிபர் இடப்பக்கமும் மாட்டப்பட்டிருந்ததைக் கண்டோம். ப்ளீடர்கள் இரண்டும் கீழே இருந்ததால் மேலே தங்கிய காற்றுக்கு வெளியேற வழியே இல்லை. புதிய மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருந்தால், அதை மேசை வைஸில் பிடித்து, வெளிவாய்களிலிருந்து குழாய்களை அதன் தொட்டிக்கே திருப்பிவிட்டுக் காற்று எடுத்தார்களா என்றும் கேளுங்கள். அந்த வேலையைத் தவறவிட்டுக் காரில் மாட்டியபின் சக்கரங்களில் எடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

காற்று எடுத்தபின் சரியாகி, சில நூறு மைல்களில் மீண்டும் பஞ்சாகும் கார் கோர்வெட்டாக இருந்தால் விஷயம் வேறு. 1965 முதல் 1982 வரையிலான கோர்வெட்டின் நான்கு பிஸ்டன் கேலிபர்களில் உதட்டு வடிவ சீல்கள் இருந்தன. டிஸ்க் சற்றே கோணலாகச் சுழன்றாலும் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் ஆடி, ஆயில் ஒரு சொட்டும் கசியாமலே காற்றை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே சரிசெய்ய வேண்டியது டிஸ்க்கின் கோணல். டயல் கேஜ் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

### எத்தனை முறை மிதித்தாலும் மாற்றமில்லை என்றால்

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய்களைக் கழற்றி, இரண்டு வெளிவாய்களையும் அவற்றுக்கேற்ற மரையுள்ள அடைப்பான்களால் மூடிவிட்டுப் பெடலை மிதியுங்கள். பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. அப்போதும் அமுங்கினால் அதில் காற்றோ தேய்ந்த கப்போ இருக்கிறது. சில டாலர் பெறும் இரண்டு அடைப்பான்களால் செய்யும் இந்தச் சோதனையைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டர் வாங்குவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

மாஸ்டர் சிலிண்டர் சரி என்றால், ஒருவரை மிதிக்கச் சொல்லி மூன்று ரப்பர் ஹோஸ்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். அவை முன்சக்கரங்களில் இரண்டும் பின் அச்சின் நடுவில் ஒன்றுமாக இருக்கும். ஹோஸ் வீங்கினால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஹோஸும் சரி என்றால் டிரம்மை அளக்க வேண்டும்: 10 அங்குல டிரம்மை 10.060 அங்குலத்துக்கு மேல் கடையக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அளவு மீறிய டிரம்மில் ஷூவின் வளைவு பொருந்தாமல் பெடல் துள்ளும். அந்த டிரம்மை மாற்றத்தான் வேண்டும்.

## அறிகுறி 2: மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாகத் தரைக்கு இறங்குகிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சிக்னலில் காத்திருப்பதுபோல் பெடலை மிதமாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். இறங்கினால் அன்று காரை எடுக்காதீர்கள். பிறகு மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து ஆயிலின் மட்டத்தைப் பாருங்கள்.

### மட்டம் குறைந்திருக்கிறது, வெளியே ஈரம் தெரிகிறது

நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும், பிறகு சட்டத்தை ஒட்டிச் செல்லும் இரும்புக் குழாய்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம்முள்ள சக்கரத்தில், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை ஓரத்தில் லேசாக விலக்கினால், கசியும் சிலிண்டரில் அதன் உட்புறம் நனைந்திருக்கும். பின்சக்கரத்தில் ஈரம் கண்டவுடன் வீல் சிலிண்டர் என்று முடிவு கட்டாதீர்கள். அச்சின் சீல் கசிந்தாலும் அதே இடம்தான் நனையும். அந்த ஈரத்தில் ஒரு சொட்டை ஒரு குவளைத் தண்ணீரில் விடுங்கள். டாட் 3, டாட் 4 ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். கியர் ஆயில் மிதக்கும், கந்தக வாடையும் அடிக்கும்.

வீல் சிலிண்டர் விலை குறைந்த பாகம். ஒரு பக்கம் கசிந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். ஆயிலில் நனைந்த ஷூவைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டுபவர்கள் உண்டு. வெப்பம் ஏறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும் என்பதால், அந்த ஷூக்களை இரு சக்கரத்துக்கும் சேர்த்து எறிந்துவிட வேண்டும்.

கசிவது இரும்புக் குழாய் என்றால், அந்த ஓரடித் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடும் எண்ணத்தை விடுங்கள். அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் இணைப்புகள் தண்ணீர்க் குழாய்க்கு ஏற்றவை, பிரேக்குக்கு அல்ல. ஓரிடத்தில் துரு தின்ற குழாய் மற்ற இடங்களிலும் மெலிந்திருக்கும். அளவாக வளைத்து விற்கப்படும் முழுத் தொகுதியை வாங்கி மாட்டலாம். குழாய் முனையை விரித்து மடிக்கும் 45 டிகிரி இரட்டை ஃப்ளேர் போட்டுப் பழகாதவர்கள் இந்த வேலையைத் தொழில்முறை மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி.

### மட்டம் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை

பூஸ்டர் உள்ள காரில், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் கழற்றி, குழாய்களை வளைக்காமல் ஓர் அங்குலம் முன்னே இழுத்துப் பாருங்கள். பின்சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் தேங்கியிருக்கும். எஞ்சின் அதை உறிஞ்சிச் சைலன்சரில் வெண்புகையாக விடும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று நினைத்து எஞ்சினைப் பிரிக்கத் தயாரானவரை ஒருமுறை இந்தச் சோதனைதான் காப்பாற்றியது. பூஸ்டர் இல்லாத காரில் அதே கசிவு பெடலுக்கு மேலே, காரின் உள்ளே, எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் வடிந்திருக்கும்.

### மட்டம் குறையவே இல்லை

மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் கப்பைத் தாண்டிப் பின்னே நழுவுகிறது. இப்போதுதான் அதை மாற்ற வேண்டும். தொழிற்சாலை எண் பொருந்தும் அசல் பாகத்தை இழக்க விரும்பாதவர்கள், அதைச் சிலிண்டர் துளையில் ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை உறை இறக்கித் தரும் பட்டறைக்கு அனுப்பலாம். விலை புதியதைவிட அதிகமாகும்.

## அறிகுறி 3: பெடல் கல்லாக இருக்கிறது, கார் நிற்கத் தயங்குகிறது

### பூஸ்டர் உள்ள கார்

எஞ்சினை நிறுத்தி, பெடலை நான்கைந்து முறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். பெடல் தானாகச் சற்று இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரைக் குறை சொல்வதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: எஞ்சினிலிருந்து வரும் வேக்கம் (வெற்றிட) ஹோஸ் வெடித்திருக்கிறதா, ஒருவழி வால்வு இரு பக்கமும் ஊத இடம் தருகிறதா, ஐட்லிங்கில் வேக்கம் எவ்வளவு இருக்கிறது.

மூன்றாவதுதான் மசில் கார்களுக்கே உரிய நோய். நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சின் ஐட்லிங்கில் சுமார் 18 அங்குலம் பாதரச அளவுக்கு வேக்கம் தரும். முந்தைய உரிமையாளர் குதிரைத்திறனுக்காகவும் அந்தக் குலுங்கும் ஓசைக்காகவும் எஞ்சின் வால்வுகளை அதிகம் திறக்கும் பெரிய கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால், அது 10 அல்லது 12 அங்குலத்துக்கு இறங்கிவிடும். அந்த வேக்கத்தில் எந்தப் புது பூஸ்டரும் முழு உதவி தராது. இன்டேக் மேனிஃபோல்டில் கேஜ் மாட்டி அளந்துவிட்டுத்தான் செலவைப் பற்றிப் பேச வேண்டும். தீர்வுகள் செலவின் வரிசையில்: டைமிங்கையும் கார்புரேட்டரையும் சரிசெய்தல், வேக்கம் சேமிப்புத் தொட்டி, மின்சார வேக்கம் பம்ப், பவர் ஸ்டீயரிங் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பூஸ்டர். தொட்டி ஓரிரு மிதிகளுக்கு உதவுமே தவிர, எஞ்சின் தராத வேக்கத்தை அது உண்டாக்காது.

### பூஸ்டர் இல்லாத கார்

மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவைக் கேளுங்கள். 1 அங்குலத் துளைக்குப் பதில் 1⅛ அங்குலத் துளையுள்ளதை மாட்டினால், அதே பிரேக் அழுத்தத்துக்குக் கால் சுமார் 27 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். அளவில் பெரியது வலிமையானதும்கூட என்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெடல் நெம்புகோலின் விகிதமும் முக்கியம்: பூஸ்டர் இல்லாத கார்களுக்குச் சுமார் 6க்கு 1, பூஸ்டர் உள்ளவற்றுக்குச் சுமார் 4க்கு 1. பூஸ்டரைக் கழற்றியவர் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்ராடைப் பெடலின் மேல்துளைக்கு மாற்றவில்லை என்றால் பெடல் கல்லாகத்தான் இருக்கும்.

### இரண்டு வகைக்கும் பொது

டிரம்மைக் கழற்றி ஷூக்களின் இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் லைனிங் குட்டையான ஷூ காரின் முன்பக்கம் நோக்கியும், நீளமான ஷூ பின்பக்கம் நோக்கியும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பெடல் சரியாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. ஷூவின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்தால், மலைச்சாலையில் சூடேறி மெழுகேறியிருக்கிறது, மாற்றுங்கள்.

## அறிகுறி 4: பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது

கார் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்துப் பிரேக் வேலை செய்கிறது. குற்றவாளி பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இது தெரியாமல் நன்றாக இருக்கும் சக்கரத்தைப் பிரிப்பவர்களே அதிகம்.

முதலில் இரு முன் டயர்களின் காற்றைச் சமமாக்குங்கள். பிறகு எதிர்ப்பக்கத்தின் அட்ஜஸ்டர், நனைந்த லைனிங், துருவேறி இறுகிய கேலிபர் பிஸ்டன் என்ற வரிசையில் பாருங்கள். ப்ளீடரைத் திறந்து பெடலை மிதிக்கும்போது ஒரு பக்கம் ஆயில் பீய்ச்சியும் மறுபக்கம் சொட்டுச் சொட்டாகவும் வந்தால், சொட்டும் பக்கத்து ஹோஸ் உள்ளே வீங்கி அடைபட்டிருக்கிறது. வெளியே புதிதுபோல் மினுங்கும் ஹோஸும் உள்ளே அடைபட்டிருக்கலாம்.

பிரேக்கில் எதுவும் கிடைக்காவிட்டால், மஸ்டாங்கில் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையைச் சட்டத்தோடு இணைக்கும் ஸ்ட்ரட் ராடின் ரப்பர் புஷ்களைப் பாருங்கள். அவை நைந்திருந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னே நகர்ந்து, பிரேக் இழுப்பதுபோலவே தோன்றும். புஷ் மாற்றியபின் வீல் அலைன்மென்ட்டைக் கடையில்தான் செய்ய வேண்டும்.

## அறிகுறி 5: காலை எடுத்தபின்னும் பிரேக் விடவில்லை

ஓட்டிவிட்டு நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு சக்கரங்களையும் அளந்தால் பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரம் தனித்துத் தெரியும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

### ஒரு சக்கரம் மட்டும்

சக்கரம் பிடித்திருக்கும்போதே அதன் ப்ளீடரைத் திறங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. விடுபடாவிட்டால் தடை இயந்திர வகையானது: இறுகிய பிஸ்டன், தளர்ந்த ரிட்டர்ன் ஸ்பிரிங், ஷூ உரசும் மேடையில் விழுந்த பள்ளம், பின்சக்கரமானால் துருப்பிடித்த பார்க்கிங் பிரேக் கேபிள்.

அழுத்தம் சிக்கியிருந்தது என்றால், மறுமுறை பிடிக்கும்போது ப்ளீடரைத் தொடாமல், ஹோஸ் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடவில்லை என்றால், ஹோஸ் ஒருவழி வால்வாக மாறியிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் நின்ற கார்களில் நான் அதிகம் மாற்றியது இந்த ஹோஸ்களைத்தான்.

### இரு முன்சக்கரங்கள், அல்லது நான்கும்

ஓடஓடப் பிடிப்பு கூடி, ஆறியபின் தானாக விட்டால், மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்துங்கள். சக்கரங்கள் உடனே விடுபட்டால் புஷ்ராடு நீளமாக இருக்கிறது. பிஸ்டன் முழுவதும் பின்னே வராமல் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளையை அடைத்துக்கொள்வதால், சூட்டில் விரியும் ஆயில் போக இடமின்றிப் பிரேக்கை அழுத்துகிறது. பெடல் ஓட்டத்தின் தொடக்கத்தில் சிறிதளவு வெற்றாட்டம் (ராடு பிஸ்டனைத் தள்ளாத அசைவு) கிடைக்கும் வரை ராடைக் குறையுங்கள்.

டிஸ்க் மாற்றம் செய்த காரில் முன்சக்கரங்கள் மட்டும் எப்போதும் லேசாக உரசினால், டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வெளிவாய்க்குப் பின்னுள்ள ரெசிடுவல் வால்வு குழாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும். டிரம்முக்கு அது தேவை, டிஸ்க்குக்கு அது உரசல். டிஸ்க்குக்குரிய மாஸ்டர் சிலிண்டரையே வாங்குங்கள். பேடு தேயத்தேய இறங்கும் ஆயிலுக்கு ஏற்ப அதன் தொட்டியும் பெரிதாக இருக்கும்.

## அறிகுறி 6: பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்கின்றன

ஈரச்சாலையில் கார் பம்பரமாகச் சுழல்வதற்கு இதுவே தொடக்கம். பின் ஷூக்கள் நனைந்திருக்கின்றனவா, பின் அட்ஜஸ்டர்கள் அதிகம் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்தபின், டிஸ்க் மாற்றத்தின்போது பின் அழுத்தத்தைக் குறைக்கும் ப்ரோபோர்ஷனிங் வால்வு போடப்பட்டதா என்று தேடுங்கள். கையால் திருப்பிச் சரிசெய்யும் வால்வு கடைகளில் கிடைக்கிறது. அதைப் பொருத்துவது எளிது. ஓட்டிப் பார்த்து அளவிடுவது எளிதன்று. அந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

## அறிகுறி 7: பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ அதிர்வு

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் குறுக்குமறுக்கான வரிசையில் சமமாக இறுக்கிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ஏர் கன்னால் கண்டபடி இறுக்கியதே சில நேரம் காரணமாக இருக்கும். பார்க்கிங் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடித்து ஓட்டும்போதும் அதிர்ந்தால் பின் டிரம் வட்டம் தவறியிருக்கிறது, இல்லையென்றால் முன்பக்கம். டிரம் கடையும் லேத் இப்போது எல்லாக் கடைகளிலும் இல்லை. கழற்றுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: சிவப்பு பிரேக் விளக்கு அணையவில்லை

பார்க்கிங் பிரேக் முழுவதும் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுள்ள காரில், ஒரு சுற்றின் அழுத்தம் குறைந்தால் குழாய்கள் பிரியும் விநியோகக் கட்டைக்குள் இருக்கும் சிறு பிஸ்டன் நகர்ந்து விளக்கை எரியவிடும். கசிவு இருந்தால் அறிகுறி 2-க்குப் போங்கள். கசிவே இல்லாமல், பின்சக்கரங்களில் மட்டும் காற்று எடுத்தபின் எரிகிறது என்றால், முன்சக்கர ப்ளீடர் ஒன்றைத் திறந்து, விளக்கு அணையும் வரை பெடலை மிக மெதுவாக அழுத்தி, அணைந்த கணமே ப்ளீடரை மூடுங்கள். வேகமாக மிதித்தால் பிஸ்டன் நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். இரண்டு மூன்று முறை முயன்றும் அசையாவிட்டால் அது துருவேறி இறுகியிருக்கிறது. கட்டையையே மாற்ற வேண்டும்.

## வேலை முடிந்தபின் ஓட்டிப் பார்ப்பது

எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, அது இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் காரை நகர்த்த வேண்டும். வெற்று வாகன நிறுத்துமிடத்தில் மணிக்கு 10 மைல் வேகத்தில் தொடங்கி, பார்க்கிங் பிரேக்கைப் பிடிக்கத் தயாராக இருந்தபடி, பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பாருங்கள். பின் அட்ஜஸ்டர்கள் தம் இடத்துக்கு வருவதற்கு ரிவர்ஸிலும் சில முறை பிரேக் போடுங்கள். கழற்றிய ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கீழே அட்டை விரித்துக் காரை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் அட்டையையும் மாஸ்டர் சிலிண்டரின் மட்டத்தையும் பார்த்த பின்னரே சாலைக்கு எடுங்கள்.